இருபத்தெட்டாவது கிலோமீட்டர்

கடலுக்குத்தான் கிளம்பினோம்.
ஓசூரிலிருந்து உவரி,
பிள்ளைகளிடம் சொன்னது அவ்வளவுதான்.
நடுவில் அரைநாள் அம்மா ஓடுவாள் என்பதை
திண்டுக்கல் தாண்டிப் பரோட்டா வந்தபிறகு சொன்னேன்.
"யாரு துரத்துவா?" என்றான் ஆல்வின்.

அம்பாசமுத்திரத்தில் விடுதி.
குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை,
ஒரு வாளித் தண்ணீரை முட்டுக்கொடுத்தோம்.
படுக்குமுன் பிரிசில்லா
கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பினாள்:
சட்டை, அதன் நெஞ்சில் நூற்றுப்பதினேழு,
கால்சட்டை, அதன் கீழே காலுறை,
கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் நெற்றிவிளக்கு.
ஆளில்லாத ஓர் ஆள்.
நிவி அதற்குத் தலையணை வைத்துப் போர்த்திவிட்டாள்.

கடனா அணைக்கரையில் விடியவில்லை.
விசில் ஊதியதும் எல்லாரும் முதுகானார்கள்.
பதினைந்து வருடம் பார்த்த முதுகை
ஐந்தே நொடியில் தவறவிட்டேன்.

எனக்கு இரண்டு வேலை.
பதினான்கில் வாழைப்பழம்,
இருபத்தெட்டில் உப்புப்போட்ட எலுமிச்சைத் தண்ணீர்.
பதினான்கு, கால்வாய்க்கரை.
பிசான நெல் பால்பிடித்து நின்றது.
முழங்கால்வரை சேறோடு வந்தாள்,
பாதிப் பழம் தின்றாள், மீதியை ஆல்வின் வாயில் திணித்தாள்,
"எலுமிச்சை, மறந்துராதீங்க."
வரப்பில் இறங்கிவிட்டாள்.

மறக்கவில்லை.
ரயில்வே கேட் மூடியிருந்தது.
முன்னால் வாழைத்தார் ஏற்றிய வண்டி,
பின்னால் ஒரு கல்யாண வேன்.
பைக்காரர்கள் சாய்த்துக் குனிந்து போனார்கள்.
நானும் குனிந்திருக்கலாம், பாட்டிலோடு.
காருக்குள் இரண்டு பிள்ளைகள், ஒரு சாவி.
செங்கோட்டை வண்டி அவசரமே இல்லாமல் வந்தது.
பிள்ளைகள் கையாட்டினார்கள்,
பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர்
பிரஷ்ஷை ஆட்டினார்.

புளியமரத்தடியில் ஒரு மேசை.
நோட்டுப் புரட்டிய பையன் சொன்னான்:
"நூத்திப்பதினேழா? வந்தாவளே.
ரெண்டு தம்ளர் தண்ணி குடிச்சாவ.
சாம்பக் கலர் காரு வந்துச்சான்னு கேட்டாவ,
இல்லன்னேன்.
அந்தானைக்குப் போயிட்டாவ."
நோட்டில் 9.22.
என் கையில் 9.31.

பாறைவரை நடந்துபோய்ப் பார்த்தேன், ரப்பர் செருப்போடு.
செம்மண் முழுக்கத் தடங்கள்:
அம்புக்குறி, அறுகோணம், மீன்செதில்.
விலையைக் கேட்டு நான் சண்டைபோட்ட ஷூ,
அதன் அடிப்பாகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

பன்னிரண்டு மணி தாண்டி வந்தாள்.
காற்றடித்த வளைவு ஒருபக்கம் தொங்கியிருந்தது,
தலையைச் சாய்த்து நுழைந்தாள்.
நெற்றியில் உப்புக் கோடுகள்,
பதக்கத்தை நிவி பிடுங்கிக்கொண்டாள்.
"கேட் போட்டுட்டான்" என்றேன்.
"ம்."

சேரன்மகாதேவி, களக்காடு,
இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம்.
டாஷ்போர்டின்மேல் அவள் பாதங்கள்,
ஒரு நகம் கறுத்திருந்தது.
பின்சீட்டில் இருவரும் தூங்கியபிறகு
சாலையைப் பார்த்தபடியே பேசினாள்.
"பதினாலுல இருந்து இருபத்தெட்டு வரைக்கும்
நீங்க இருப்பீங்கன்னு ஓடுனேன்.
அதுக்கப்புறம் அப்படி யாருமில்ல."
கொஞ்ச தூரம் போனோம்.
"அது நல்லா இருந்துச்சு."

கியர் மாற்றத் தேவையில்லாத இடத்தில்
கியர் மாற்றினேன்.
கோபமா என்று கேட்கலாம்,
கோபமில்லை என்பது குரலிலேயே இருந்தது.
அதுதான் எனக்கு எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நாங்குநேரிப் பக்கம் இன்னொரு கேட், மூடியே இருந்தது.
எஞ்சினை அணைத்தேன்.
அவள் வாய்திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.
தூரத்தில் காற்றாலைகள்
நின்ற இடத்திலேயே சுற்றின.
ஆல்வின் விழித்து, கதவோரம் கிடந்த பாட்டிலை எடுத்து
ஒரே மடக்கு குடித்தான்.
"சீ, அப்பா," முகத்தைச் சுருக்கினான்,
"கடல் மாதிரி இருக்கு.
வந்துட்டோமா?"